பலகையில இல்லாத அறுபத்திநாலு

முப்பத்தோரு வருஷம் ஒஸெல்லா பெட்வே வாயைத் திறக்கல. திறக்கக் கூடாதுன்னு சட்டம். சர்க்கார் சட்டம் இல்ல, ரூஃபஸோட முடிவெட்டற கடைச் சட்டம். மார்லோ ஊர்ல சர்க்கார் சட்டத்தைவிட அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி.

கடைக்குள்ள, பெரிய கண்ணாடிக்கு எதிர்ச்சுவத்துல ஒரு மரப்பலகை. அதுல வெள்ளைப் பெயின்ட்ல பதினோரு பேரு. மார்லோ கல்லூரியில கால்பந்து ஆரம்பிச்ச நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் ஆடுனவங்கள்ல இவங்களுக்கு மேல எவனும் இல்லேன்னு அர்த்தம். முட்டை மாதிரி இருக்கற பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடறானே, அந்தக் கால்பந்து. டீமுக்குப் பேரு கோவேறு கழுதைகள். அலபாமாவுல அந்த மூலையில ஊரே சட்டையில கழுதைப் படம் போட்டுக்கிட்டு நெஞ்சை நிமித்தி நடக்கும். சிரிச்சீங்கன்னா அடி விழும்.

பலகையை மாத்தறது லேசுப்பட்ட காரியம் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை, முதல் ஆட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை, ஏழு பேர் உக்காந்து ஓட்டுப் போடுவாங்க. அஞ்சு ஓட்டு விழுந்தாத்தான் ஒரு பேரு ஏறும். ஒண்ணு ஏறணும்னா ஒண்ணு இறங்கணும். எவன் ஆடுனதைத் தன் கண்ணால பாத்தோமோ அவனைப் பத்தி மட்டும்தான் பேசலாம், ஏத்தறதுக்கும் சரி, இறக்கறதுக்கும் சரி. கல்லூரியில சம்பளம் வாங்கறவங்களுக்கு ஓட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது, உள்விவகாரம் தெரிஞ்சவன் பேசுனா நியாயம் கெட்டுடும்னு.

இதையெல்லாம் சமாளிச்சுடலாம். அடுத்தது ஒண்ணு இருக்கு, அதுலதான் ஆளாளுக்குப் பின்வாங்குவாங்க. யாரோட பேரை இறக்கணும்னு சொல்றோமோ, அந்தாளு முன்னாடி போய் நின்னு, கையில ஒரு கேக்கைக் குடுத்து, "உன்னை இறக்கணும்னு சொல்லப் போறேன்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அவன் ஒரு துண்டு வெட்டித் தின்னுட்டான்னா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம். வெட்டாம வச்சுட்டான்னா சண்டைக்கு வர்றான்னு அர்த்தம். முதுகுக்குப் பின்னால எவனையும் இறக்கக் கூடாதுன்னு ஆதியிலயே போட்ட விதி. இதனாலதான் முப்பத்தாறு வருஷத்துல நாலே நாலு பேருதான் மாறியிருக்கு. கேக்கைத் தூக்கிக்கிட்டுப் போன எத்தனையோ பேரு, அங்க காப்பி குடிச்சு, பழங்கதை பேசி, கேக்கையும் சேந்து தின்னுட்டு, வந்த விஷயத்தைச் சொல்லாமலே திரும்பியிருக்காங்க.

ஒஸெல்லாவுக்கு அந்த வருஷம் ஜூன் மாசம் வேலையிலேருந்து ஓய்வு. ஏழாவது நாற்காலியில இருந்தவர் மக வீட்டோட போயிட்டாரு. காலியான நாற்காலியை ரூஃபஸ் ஒஸெல்லாவுக்குக் குடுத்தான்.

கல்லூரியில அவ பாத்தது சலவை வேலை. ஜிம்முக்குக் கீழ நிலவறையில ரெண்டு பெரிய மிஷின், ஒரு சிமென்ட் தொட்டி, ஜன்னல் கிடையாது. அதுக்கு முன்னாடி பத்து வருஷம் துணி தைக்கற ஆலையில இருந்தா. ஆலைக்காரன் ஒரு வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திட்டு, கூலி கம்மியா கிடைக்கற தேசத்துக்கு மிஷினையெல்லாம் ஏத்திட்டுப் போனான். நானூறு பொம்பளைங்க தெருவுல நின்னாங்க. ஒஸெல்லா கையெழுத்து வாங்கிக்கிட்டு வீடு வீடா அலைஞ்சு பாத்தா. ஒண்ணும் நடக்கல. அடுத்த மாசம் நிலவறைக்கு வந்துட்டா.

வந்த இடத்துல வேலையைக் கத்துக்கிட்டா. மார்லோ டீமுக்கு உள்ளூர் ஆட்டத்துல வெள்ளை ஜெர்சி. அலபாமா மண்ணு செம்மண்ணு. வெள்ளைத் துணியும் செம்மண்ணும்னு முடிவு பண்ணுன புண்ணியவான் ஒருநாளும் துணி துவைச்சிருக்க மாட்டான். அந்தக் கறைக்கு பிளீச் ஊத்துனா அவ்வளவுதான், கறை உள்ள இறங்கி உக்காந்துக்கும். மண்ணு காயணும், பிரஷ் போட்டு உதுக்கணும், பச்சைத் தண்ணியில ஊறப்போடணும், அதுக்கப்புறம்தான் சோப்பு. புதுசா வந்த ஒரு கோச் பிளீச்தான் போடணும்னு அடம் பிடிச்சான். போட்டா. அடுத்த வாரம் டீமே இளஞ்சிவப்புல இறங்குச்சு. அதுக்கப்புறம் வந்த ஆறு கோச்சுல ஒருத்தன்கூட நிலவறைக்கு வந்து யோசனை சொல்லல.

கறையைப் பாத்தே ஒஸெல்லா ஆட்டத்தைச் சொல்லிடுவா. முட்டியில புல்லுக்கறை இருந்தா முன்னால விழுந்தவன். தோள்ல அடுத்த டீம் ஹெல்மெட் பெயின்ட் ஒட்டியிருந்தா நேருக்கு நேர் மோதுனவன். முதுகுல செம்மண் இருந்தா மல்லாக்கத் தள்ளப்பட்டவன். தள்ளுனவன் முதுகு சுத்தமா இருக்கும்.

நம்பர் அறுபத்திநாலோட முதுகு நாலு வருஷமும் சுத்தமா இருந்துச்சு. ரெண்டே ரெண்டு தடவைதான் மண்ணு. ஒஸெல்லாவுக்கு அது எந்தெந்த ஆட்டம்னுகூட ஞாபகம் இருக்கு. மாத்து ஜெர்சியைத் தூக்கிக்கிட்டு மைதான ஓரத்துல நின்னு கண்ணாலயும் பாத்தவ.

அறுபத்திநாலு பேரு வெண்டெல் ரட். முன்வரிசையில இடப்பக்கம் நின்னவன். பந்தை வச்சிருக்கறவன் ஓடறதுக்கு வழி பண்ணிக் குடுக்கறது அந்த முன்வரிசை அஞ்சு பேரு. அவங்க பந்தைத் தொடவே மாட்டாங்க. எதிராளியை முட்டி நகத்தறது ஒண்ணுதான் வேலை. ஓடுனவனுக்கு இத்தனை கெஜம்னு புஸ்தகத்துல எழுதுவாங்க. எறிஞ்சவனுக்கு எழுதுவாங்க, பிடிச்சவனுக்கு எழுதுவாங்க. முட்டுனவனுக்குப் புஸ்தகத்துல கட்டமே கிடையாது. வேலை செஞ்சவன் ஒருத்தன், பேரு வாங்குனவன் இன்னொருத்தன். பலகையில நாலு ஓடறவன், ரெண்டு எறியறவன், ரெண்டு பிடிக்கறவன், ரெண்டு தடுக்கறவன், ஒரு உதைக்கறவன். முன்வரிசைக்காரன் ஒருத்தன்கூட இல்ல.

வெண்டெல் ரட் பேரு பலகையில ஏறணும். ஒஸெல்லா கேட்டது இது ஒண்ணுதான். இருபது வருஷமா இதை வாயில அடக்கி வச்சிருந்தா.

சரி, யாரை இறக்கறது? பதினோரு பேரையும் எடுத்து வச்சுப் பாத்தா. பத்துப் பேர்கிட்ட குறை சொல்ல முடியல. பதினோராவது பேர்கிட்ட சொல்ல முடிஞ்சுது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொண்ணுல, ஸ்பென்சர் கல்லூரியோட நடந்த ஆட்டத்துல, கடைசி நொடியில நாப்பத்தாறு கெஜத்துலேருந்து பந்தை உதைச்சுக் கம்பத்துக்கு நடுவுல அனுப்பி, ஒரு புள்ளியில ஜெயிக்க வச்சவன். அந்த ஒரு உதையைத் தவிர அவன் மத்த உதையெல்லாம் சுமார்தான். பேரு லெமுவேல் பெட்வே. ஒஸெல்லாவோட புருஷன். அதே மேஜையில ரெண்டாவது நாற்காலிக்காரன்.

திங்கக்கிழமை எலுமிச்சம்பழ கேக் ஒண்ணு பண்ணி மேடையில ஆற வச்சுட்டு, ஒஸெல்லா கொல்லையில துணி எடுக்கப் போனா. திரும்பி வந்தா, லெமுவேல் ரெண்டாவது துண்டுல இருக்கான்.

"யாருக்குப் பண்ணுன இதை? நல்லா வந்திருக்கு."

ஒஸெல்லா துணிக்கூடையை இறக்கி வச்சா. விதிப்படி பாத்தா வேலை முடிஞ்சுது. தின்னுட்டான், ஒத்துக்கிட்டான். கடையில இருக்கற மத்த அஞ்சு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, செல்லும்னு சொல்லிடுவாங்க.

"லெம், வாயில இருக்கறதை முழுங்கு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னா. லெமுவேல் கத்தியைக் கீழ வச்சான். கேக்கைப் பாத்தான். கையில ஒட்டியிருந்த தூளைப் பாத்தான்.

"அப்ப நான் தின்னது..."

"அது கணக்குல வராது. சொல்லாம தின்ன வச்சு இறக்கறதுக்கு நான் என்ன ஆலைக்காரனா? நாளைக்கு வேற பண்ணித் தர்றேன்."

செவ்வாய்க்கிழமை ரெண்டாவது கேக் வந்துச்சு. ஒஸெல்லா அதைத் தட்டுல வச்சு, லெமுவேல் முன்னாடி நின்னு, ஏதோ அடுத்த வீட்டுக்காரன்கிட்ட சொல்ற மாதிரி, "உன் பேரை இறக்கணும்னு சனிக்கிழமை சொல்லப் போறேன்"னு முறையா சொன்னா. அவன் வாங்கிக்கிட்டான். மூடி போட்டு ஃப்ரிட்ஜ் மேல வச்சான். வெட்டல.

அந்த வாரம் முழுக்க வீட்ல பேச்சு என்னவோ சாதாரணமாத்தான் நடந்துச்சு. முட்டை போதுமா, மழை வருமா, சர்ச்சுக்கு யாரு வண்டி எடுக்கறது. கோவம்னு சொல்ல முடியாது. ஆனா அவன் சமையக்கட்டுக்கு வர்றப்பெல்லாம் ஃப்ரிட்ஜ் மேல ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போனான்.

சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு ஏழு பேரும் உக்காந்தாங்க. கடைக்காரன் ரூஃபஸ். கணக்கு வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்குன ஐசம், மடியில ஆட்டக் கணக்கெல்லாம் இருக்கற தடிப் புஸ்தகத்தோட. டீம் பஸ் ஓட்டுன ஹோசியா. பெரிய டாலிவர், சின்ன டாலிவர். அண்ணன் எந்தப் பக்கமோ தம்பி அதுக்கு எதிர்ப்பக்கம், அது பொறந்ததுலேருந்து அப்படி. அப்புறம் லெமுவேல், ஒஸெல்லா.

"புது ஆளு பேசட்டும்," ரூஃபஸ் சொன்னான். "முப்பத்தோரு வருஷத்துச் சரக்கு. கூரை தாங்குமான்னு பாப்போம்."

ஒஸெல்லா ஒரே மூச்சுல சொல்லிட்டா. ஏத்தறது வெண்டெல் ரட். இறக்கறது லெமுவேல் பெட்வே. கேக் குடுத்தாச்சு, வெட்டல.

ஹோசியா தொப்பியைக் கழட்டி மூஞ்சியை மறைச்சுக்கிட்டான். தோளு குலுங்குச்சு.

"சிரிக்காதடா ஹோசியா," லெமுவேல் சொன்னான். "உனக்குப் பொண்டாட்டி கேக்கும் பண்ண மாட்டா."

ஐசம் வாத்தியார் கண்ணாடியை மூக்குல ஏத்துனாரு. "ரட்டா? நல்ல பையன். இப்ப கேஸ் லாரி ஓட்டறான், எங்க வீட்டுக்கும் அவன்தான் போடறான். ஆனா ஒஸெல்லா, நல்ல பையன்னா போதுமா? இந்தப் பலகையில இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் இருக்கு. ரட்டுக்கு என்ன நம்பர்? பூஜ்யம் கெஜம். பூஜ்யம் புள்ளி."

"முதுகுல மண்ணு ரெண்டு தடவை. நாலு வருஷத்துல."

"அது புஸ்தகத்துல இல்லியே."

"உங்க புஸ்தகம் துணி துவைக்கலியே வாத்தியாரே."

பெரிய டாலிவர் மேஜையைத் தட்டுனான். உடனே சின்ன டாலிவர் தலையை ஆட்டி, "மண்ணையெல்லாம் வச்சு எப்படிங்க"ன்னான்.

"சரி, நம்பர்தானே வேணும்," ஒஸெல்லா சொன்னா. "அந்தப் பலகையில முதப் பேரு யாரு?"

"கார்னீலியஸ் மேப்ரி," நாலு பேர் ஒண்ணா சொன்னாங்க. அந்தப் பேரைச் சொல்றப்ப அந்தக் கடையில எல்லாருக்கும் குரல் கொஞ்சம் இறங்கும். ஓடறவங்கள்லயே அவனை மாதிரி எவனும் இல்ல.

"மேப்ரி ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு ஓடுவான்?"

"சராசரி நூத்தி முப்பத்திரெண்டு கெஜம்." வாத்தியாருக்குப் புஸ்தகத்தைத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல.

"ரெண்டாயிரத்து மூணு, அக்டோபர் மாசம். மூணு வாரம் அறுபத்திநாலு ஜெர்சி என்கிட்ட மடிச்ச மடிப்புக் கலையாம திரும்பி வந்துச்சு. ரட்டுக்கு முழங்கால்ல அடி. ஆடல. அந்த மூணு ஆட்டத்துல மேப்ரி எவ்வளவு ஓடுனான்னு பாருங்க."

வாத்தியார் பக்கத்தைப் புரட்டுனாரு. விரலை வச்சு இறக்குனாரு. நின்னாரு. திரும்ப மேலேருந்து இறக்குனாரு.

"சொல்லும்யா," ரூஃபஸ் சொன்னான்.

"நாப்பத்தொண்ணு." ஒரு தடவை தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு. "இருபத்தொம்பது. முப்பத்தாறு."

"நாலாவது வாரம்? ரட்டு திரும்பி வந்த வாரம்?"

"நூத்தி அறுபத்தெட்டு."

வாத்தியார் இருபது வருஷமா அந்தப் பக்கத்தைப் படிச்சிருக்காரு. மேப்ரிக்கு அந்த மாசம் உடம்பு சரியில்லேன்னு அவரா ஒரு காரணம் வச்சிருந்தாரு.

"இப்ப லெமுவேல் பேசட்டும்," ரூஃபஸ் சொன்னான். "வெட்டாத கேக்குக்காரனுக்குப் பேச உரிமை உண்டு."

லெமுவேல் எந்திரிச்சான். சட்டையை இழுத்து விட்டுக்கிட்டான். "ரட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டேன். என் உதையைப் பத்தி நானே சொன்னா தற்பெருமை. அதனால இவளையே கேக்கறேன். ஒஸீ, நீ அன்னிக்கு மைதானத்துல இருந்த. பேண்டு வாத்தியத்துல ஜால்ரா தட்டிக்கிட்டு, கம்பத்துக்கு நேர் பின்னால. எந்தக் கோர்ட்டுலயும் உனக்கு மேல சாட்சி இல்ல. அந்த உதை எப்படி இருந்துச்சுன்னு நீயே சொல்லு."

கெட்டிக்காரத்தனமான வேலை. அவளையே புகழ வச்சுட்டா அவ வாதம் அவ கையாலயே உடையும். எல்லாரும் ஒஸெல்லாவைப் பாத்தாங்க.

ஒஸெல்லா மடியில இருந்த கைப்பையோட வாரைச் சுத்திக்கிட்டே இருந்தா. அப்புறம் நிறுத்துனா.

"நான் பாக்கல."

"என்னது?"

"பாக்கல, லெம். என் செருப்பு பெஞ்சுச் சந்துல கீழ விழுந்துடுச்சு. அதைக் குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் நிமிந்தேன். அதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

ஹோசியாவுக்கு இந்தத் தடவை தொப்பி பத்தல. சிரிப்பு அடங்கட்டும்னு காத்திருந்து ஐசம் வாத்தியார் விரலைத் தூக்குனாரு. அவர் மூஞ்சியில சிரிப்பு இல்ல, நிஜமாவே வருத்தம்.

"ஒஸெல்லா, அப்படின்னா இது செல்லாது. தன் கண்ணால பாக்காதவனை இறக்கச் சொல்ல முடியாது. லெமுவேல் ஆடுன வேற எதையாவது பாத்திருக்கியா?"

"அன்னிக்குத்தான் பேண்டுல முதல் தடவை வாசிச்சேன், அதுக்கு முன்னாடி எனக்கு அவன் யாருன்னே தெரியாது. அதுதான் அவனோட கடைசி ஆட்டம்."

"அப்ப இந்த வருஷம் அவ்வளவுதான்மா."

"நான் பாத்தேன்," ரூஃபஸ் சொன்னான். "நான் கொண்டுவர்றேன் இதை."

"நீ கேக் குடுத்தியா அவனுக்கு?"

ரூஃபஸ் குடுக்கல. கெடு மத்தியானம் பன்னெண்டு மணி. கேக்கை நேர்ல கொண்டுபோய்க் கையில குடுக்கணும். ரூஃபஸுக்கு முட்டையை உடைக்கவே தெரியாது.

ஒஸெல்லா வாதாடல. சொந்தப் புருஷன் விஷயத்துல அந்த விதி குறுக்க வரும்னு அவ யோசிக்கவே இல்ல. விதி விதிதான்னு அவளுக்குத் தெரியும். ஆலையில அவ கேட்டதெல்லாம் அதுதானே, விதி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு. கைப்பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டா. "அடுத்த வருஷம் பாக்கலாம்"னு சொன்னா. குரல் என்னவோ சாதாரணமாத்தான் இருந்துச்சு.

லெமுவேல் இன்னும் நின்னுக்கிட்டே இருந்தான். பேசாம உக்காந்தா போதும், பேரு அவனுக்கு. பலகையைப் பாத்தான். பொண்டாட்டியைப் பாத்தான். முப்பத்தோரு வருஷமா அந்த நிலவறையிலேருந்து கை ஊறிப் போய் வீட்டுக்கு வந்தவ. வருஷா வருஷம் ஓட்டுப் போடற சனிக்கிழமை இவன் கடைக்குக் கிளம்பறப்ப, "யாரு பேரு வந்துச்சுன்னு வந்து சொல்லு"ன்னு மட்டும் சொல்லி அனுப்புனவ.

"வாத்தியாரே," அவன் சொன்னான். "விதியில கேக் குடுக்கணும்னு இருக்கா, பண்ணணும்னு இருக்கா?"

வாத்தியார் புஸ்தகத்தோட பின்னட்டையைத் திறந்தாரு. விதியெல்லாம் அங்கதான் எழுதி ஒட்டியிருந்துச்சு. "கையில குடுக்கணும். அவ்வளவுதான் இருக்கு."

"என் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல வெட்டாத கேக் ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வர்றேன். ரூஃபஸ் அதை என் கையில குடுக்கட்டும்."

"டேய், உனக்குப் பைத்தியமா?" சின்ன டாலிவர் கேட்டான். "நீதான் ஜெயிச்சுட்டியே."

"சட்டத்துல ஜெயிச்சா ஜெயிச்ச மாதிரியே இருக்காது. ஓட்டுல தோத்தா தோத்துட்டுப் போறேன்." வாசல்ல நின்னு திரும்புனான். "என் ஓட்டு எனக்குத்தான். அதுல ஏமாந்துடாதீங்க."

வீடு ரெண்டு தெரு தள்ளி. ஒஸெல்லாவும் கூடவே நடந்தா. ஆகஸ்ட் வெயில், தார் ரோடு இளகிக் கிடந்துச்சு.

"நாப்பத்திமூணு வருஷம் என்கிட்ட பொய் சொல்லியிருக்க," லெமுவேல் சொன்னான்.

"எப்ப சொன்னேன்? நீ பாத்தியான்னு கேட்டதே இல்ல. எப்படி இருந்துச்சுன்னு கேப்ப. நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவேன். ஊரே அப்படித்தானே சொல்லுச்சு."

"அதைப் பாத்துட்டுத்தான் நீ என்னைக் கட்டிக்கிட்டன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

ஒஸெல்லா நின்னா. "ஆட்டம் முடிஞ்சு உன்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போனாங்க. நீ இறங்கி வந்த. ஒரு பொண்ணு ஒத்தைச் செருப்போட நிக்கறதைப் பாத்துட்டு, அந்தச் சட்டையோட பெஞ்சுக்கு அடியில தவழ்ந்து போய் எடுத்துக் குடுத்த. அதுக்காகத்தான் கட்டிக்கிட்டேன். உதைக்காகவா? உதைக்கறவனை நம்பி எவளாவது கட்டுவாளா?"

லெமுவேல் கொஞ்ச தூரம் நடந்தான். தோள்பட்டை ஒரு மாதிரி லேசாச்சு.

"ஒண்ணு சொல்லட்டா? நானும் பாக்கல."

"எதை?"

"உதையைத்தான். உதைக்கறப்ப தலையைக் குனிஞ்சே இருக்கணும், அப்பதான் பந்து நேராப் போகும். தலையைத் தூக்கறதுக்குள்ள ஸ்பென்சர்காரன் ஒருத்தன் என் மேல விழுந்துட்டான். மலை மாதிரி ஆளு. அவனைத் தள்ளிட்டு நான் எந்திரிக்கறப்ப எல்லாரும் குதிச்சுக்கிட்டிருந்தாங்க."

அவ வீட்டு கேட்டைப் பிடிச்சுக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. அவனும் சேந்து சிரிச்சான். பக்கத்து வீட்டு நாய் எதுக்குன்னு தெரியாம குலைச்சுது.

பதினொண்ணரைக்கு ரூஃபஸ், முடிவெட்டற அங்கியோடயே, கேக்கை லெமுவேல் கையில குடுத்து, "உன் பேரை இறக்கணும்னு சொல்லப் போறேன்"னு சொன்னான். லெமுவேல் வாங்கி மேஜையில வச்சான். வெட்டல.

"காரணம் சொல்லணும்," வாத்தியார் சொன்னாரு.

ரூஃபஸ் கழுத்தைத் தடவிக்கிட்டான். "லெம், தப்பா எடுத்துக்காத. பந்து நடுவுல போகல. வலது கம்பத்துல டங்குன்னு பட்டு உள்ள விழுந்துச்சு."

"கம்பத்துல பட்டுச்சா?"

"பட்டுச்சு," ஹோசியாவும் சொன்னான். "ரெண்டு விரக்கடை அந்தப் பக்கம் போயிருந்தா நாம தோத்திருப்போம்."

"இத்தனை வருஷமா ஒருத்தன்கூட சொல்லலியேடா."

"நீ சந்தோஷமா இருந்த. எதுக்குக் கெடுக்கணும்?"

ஓட்டு. ஒஸெல்லா கை தூக்குனா. ரூஃபஸ், ஹோசியா, பெரிய டாலிவர். நாலு. சின்ன டாலிவர் கையைக் கட்டிக்கிட்டு அண்ணனை முறைச்சான். லெமுவேல் ரெண்டு கையையும் மேஜை மேல விரிச்சு வச்சு, எல்லாருக்கும் தெரியற மாதிரி உக்காந்திருந்தான். மிச்சம் ஐசம் வாத்தியார். அவர் இன்னும் அந்த அக்டோபர் பக்கத்துலயே விரலை வச்சிருந்தாரு.

"நாப்பத்தொண்ணு, இருபத்தொம்பது, முப்பத்தாறு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே கையைத் தூக்குனாரு.

லெமுவேல் கேக்கைத் தன் பக்கம் இழுத்தான். கத்தி கேட்டான். எட்டு துண்டா போட்டு ஆளுக்கு ஒண்ணு வச்சுட்டு, மிச்சம் ஒண்ணையும் தானே எடுத்துக்கிட்டான். "தோத்தவனுக்கு ரெண்டு. இதையும் பின்னட்டையில எழுதிக்கும் வாத்தியாரே."

அடுத்த சனிக்கிழமை முதல் ஆட்டம். பலகையில ஏறுனவனுக்குப் போய்ச் சொல்ற வழக்கம் கிடையாது. அவனா வர்றப்ப பாத்துக்குவான். காலையில எட்டரைக்கு வெண்டெல் ரட் முடி வெட்டிக்க வந்தான். கதவுல பாதியை அடைக்கற உடம்பு, நாப்பது தாண்டியாச்சு, நெத்தி ஏறிடுச்சு. நாற்காலியில உக்காந்தான். கண்ணாடியில பலகை இடம் வலம் மாறித் தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் கழுத்துல கட்டுன துணியோடயே எந்திரிச்சு, திரும்பி, நேராப் பாத்தான்.

எல்லாரும் வேற எங்கயோ பாக்கற மாதிரி நடிச்சாங்க.

"இது யாரு வேலை?"

ரூஃபஸ் கத்தரிக்கோலால ஒஸெல்லாவைக் காட்டுனான். ரட் அவகிட்ட வந்தான். அந்தப் பெரிய ஆளுக்குக் கையை எங்க வைக்கறதுன்னு தெரியல.

"மிஸ் ஒஸெல்லா, எங்கம்மாவைத் தவிர நான் ஆடுனதை யாரும் பாத்ததா எனக்குத் தெரியாது."

"நான் வாரா வாரம் பாத்தேன்பா. உக்காரு."

"இல்ல மிஸ் ஒஸெல்லா, ரொம்பப் பெரிய விஷயம் இது. ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது." மோவாயைச் சொறிஞ்சான். "நீங்க தப்பான ஆளைப் போட்டிருக்கீங்க. எனக்குப் பக்கத்துல நின்னானே எழுபத்தொண்ணு, டெல்பர்ட் ஹேய்ன்ஸ், அவன்தான் நிஜமான ஆளு. அவன் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டதாலதான் என் வேலை சுலபமாச்சு."

ஒஸெல்லாவுக்கு முகம் மாறுச்சு. "எழுபத்தொண்ணா? அவன் ஜெர்சி ரெண்டு முட்டியும் பச்சையா வரும். எப்பப் பாத்தாலும் குப்புற விழுந்து கிடப்பான்."

"விழல மிஸ் ஒஸெல்லா. அவனா குப்புறப் பாஞ்சு, எதிராளி காலை வாரி விடுவான். அது வேற மாதிரி ஆட்டம்."

"வேற மாதிரியா? என்ன வேற மாதிரி?"

"எதையாவது குடுங்க, வச்சுக் காட்டறேன்."

ரூஃபஸ் சீப்பு, பவுடர் டப்பா, பிரஷ்ஷுன்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் மேஜையில கொட்டுனான். ரட் அஞ்சை வரிசையா நிறுத்துனான், பின்னால எறியறவனுக்கு ஒண்ணு, ஓடறவனுக்கு ஒண்ணு, எதிர்ல நாலை நிறுத்துனான். ஐசம் வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, புஸ்தகத்துல வெத்துப் பக்கம் ஒண்ணைத் திருப்பி, கோடு போட ஆரம்பிச்சாரு. டாலிவர் அண்ணன் தம்பிக்குள்ள எந்த டப்பா எவன்னு தகராறு. லெமுவேல் எறியறவன் பக்கத்துலேருந்து ஓடறவனை எடுத்து, இடைஞ்சலா இருக்குன்னு சட்டைப்பையில போட்டுக்கிட்டான்.

"எழுபத்தொண்ணு இங்க நின்னான்னு வச்சுக்கோங்க," ரட் சொன்னான்.

"ஒத்துக்க மாட்டேன்," ஒஸெல்லா சொல்லிக்கிட்டே நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்தா. "ஆனா சொல்லு."

ஆட்டம் ரெண்டு மணிக்கு. அதுவரைக்கும் அந்தக் கடையில ஓடறவனைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல.